பதிவேட்டில் ஓ.டி., கணக்கில் ஒன்றுமில்லை

முப்பது குழந்தைகள் வரை படிக்கும் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்கென்று தனியே எடுத்துவைக்க வேண்டும். சாக்பீஸ், பதிவேடுகள், பினாயில், துடைப்பம், ஒழுகும் குழாய்க்கு வாஷர், பியூஸ் போன டியூப் லைட் எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். 220 வேலை நாள்கள் என்று வைத்தால் நாளொன்றுக்கு 45 ரூபாய் வருகிறது. டீக்கடையில் மூன்று டீக்கான காசு. 31ஆவது குழந்தை சேர்ந்துவிட்டால் மானியம் 25,000 ஆகிவிடும். ஜூன் மாதத்தில் வீடு வீடாகப் போய் ஒரு குழந்தையைக் கூடுதலாகச் சேர்க்கும் தலைமையாசிரியர், பள்ளிக்கு 15,000 ரூபாய் சம்பாதித்துத் தருகிறார் என்றே சொல்லலாம். இந்தத் தொகையைக் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று கேட்டால் நிதி இல்லை என்கிறார்கள். ஆனால் இதே பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் இதைவிடப் பல மடங்கு பணம் யார் கண்ணிலும் படாமல் கரைந்துகொண்டிருக்கிறது. எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அப்படிக் கரைவது ஆசிரியரின் வேலை நாள். நம் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். பிடித்தங்களுக்கு முன் ஓர் ஆசிரியருக்கு மாதம் 60,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதைவிடக் குறைவு, மூத்தவருக்கு இதைவிட அதிகம். ஆண்டுக்கு 7,20,000 ரூபாய். அதை 220 நாள்களுக்குப் பகிர்ந்தால், அவர் வகுப்பறையில் நிற்கும் ஒரு நாளுக்கு அரசு கொடுக்கும் விலை ஏறத்தாழ 3,270 ரூபாய். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மூன்று நாள் ‘ஓ.டி.’ என்று எழுதப்பட்டால், அதாவது ஆன் டியூட்டி என்ற பெயரில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அந்தப் பள்ளியின் ஓராண்டு மானியத்துக்குச் சமமான தொகை போய்விடுகிறது. மானியத்தில் 500 ரூபாய் பில்லுக்குக் கணக்குக் கேட்கும் தணிக்கையாளர் இந்த 9,800 ரூபாயைப் பற்றிக் கேட்பதில்லை. சம்பளம் முறையாகப் பட்டுவாடா ஆகியிருக்கிறது. பதிவேட்டிலும் கையெழுத்து இருக்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது. குழந்தைகள் மட்டும் அன்று முழுக்க ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பள்ளிக் கல்விக்கான நிதி வெட்டப்படுகிறது என்று சொன்னால், உடனே பட்ஜெட் எண்களைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டின் பள்ளிக் கல்வித் துறைக்கு 2021-22இல் ஒதுக்கப்பட்டது 32,599 கோடி ரூபாய். 2023-24இல் 40,299 கோடி. 2024-25இல் 44,042 கோடி. 2025-26இல் 46,767 கோடி. எங்கே வெட்டு என்று கேட்பது நியாயம்தான். இந்தத் தொகையில் மிகப் பெரும்பகுதி சம்பளம். ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேரச் சேர மொத்த எண் தானாகவே ஏறும். பள்ளிக்குள் எதுவும் மாறியிருக்க வேண்டியதில்லை. 2025-26இல் மாநிலம் வட்டிக்காக மட்டும் கட்ட வேண்டியது 70,000 கோடிக்கு மேல். இந்த நெருக்கடியில் நிதித் துறை எதையாவது குறைத்தாக வேண்டும் என்று வரும்போது சம்பளத்தில் கைவைக்க முடியாது. அரசியல் அறிவிப்புகளில் கைவைக்க முடியாது. மிஞ்சுவது நிரப்பப்படாத பணியிடம், பழுதுபார்ப்பு, தூய்மைப் பணியாளர், சில்லறைச் செலவு ஆகியவைதான். மொத்தத் தொகை உயர்ந்துகொண்டே போகும்போதும் பள்ளிக்கூடம் வறண்டு கிடப்பதற்கு இதுவே காரணம்.

இப்படிச் சில்லறையில் மிச்சம் பிடித்த வரலாறு நமக்கு நீளமாகவே இருக்கிறது. 2009 ஜூன் 1க்குப் பிறகு நியமிக்கப்பட்ட இடைநிலை ஆசிரியர்களின் தொடக்க அடிப்படை ஊதியம் 5,200 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு 8,370. ஒரே பள்ளி, ஒரே வேலை, பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சம வேலைக்குச் சம ஊதியம் என்று அவர்கள் நடத்தும் போராட்டம் ஊதியக் குழுக்கள் மாறிய பிறகும் ஓயவில்லை. 2012இல் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றைக் கற்பிக்க 16,000க்கும் மேற்பட்டவர்கள் வாரம் மூன்று அரைநாள் என்ற கணக்கில் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்டார்கள். பகுதி நேரம் என்ற பெயரிலேயே அவர்களின் நடுவயது கழிந்துவிட்டது. 2022இல் காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளச் சொன்னபோது இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 என்று விலை வைத்தார்கள். தொடக்கப் பள்ளியைக் கூட்டிக் கழிப்பறையைக் கழுவுகிறவருக்கு 2015இல் நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய். நாளுக்கு 33 ரூபாய்க்கு யார் வருவார்கள் என்று அந்த ஆணையில் கையெழுத்திட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும். இவ்வளவு கசக்கிப் பிழிந்தும் அரசின் நிதிநிலை தேறிவிடவில்லை. சிக்கனம் பிடித்த இடத்தில் தொகை சிறியது, சேதம் பெரியது.

இதன் மேல் விழுந்ததுதான் ஒன்றிய அரசின் வெட்டு. ஒன்றியத்தின் பி.எம். ஸ்ரீ என்னும் முன்மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தேசியக் கல்விக் கொள்கையை முழுமையாக ஏற்கும் நிபந்தனை இருந்ததால் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதைக் காரணமாக்கி, வேறொரு திட்டமான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்விக்கு 2024-25இல் வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. செலவில் 60 பங்கு ஒன்றியம், 40 பங்கு மாநிலம் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. சுமார் 44 லட்சம் மாணவர்களும் 2.2 லட்சம் ஆசிரியர்களும் பாதிக்கப்படுவதாக அதன் மனு சொன்னது. ஒரு கொள்கையை ஏற்பதா வேண்டாமா என்பது அரசுகளுக்கு இடையிலான வாதம். அதற்குப் பிணையாக வாஷர் வாங்கும் காசைப் பிடித்துவைப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது. நாம் கட்டும் வருமான வரியோடு 4 சதவீதம் சுகாதாரம் மற்றும் கல்வி மேல்வரி என்று சேர்த்தே வசூலிக்கிறார்கள். மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த நிறுத்திவைப்பின் கசப்பு இன்னும் கூடும். ஆனாலும் அந்தப் பணம் முழுவதும் வட்டியோடு வந்து சேர்ந்தாலும், மேலே சொன்ன ஓ.டி. கணக்கு அப்படியேதான் இருக்கும். தில்லி மீதுள்ள கோபம் சென்னையின் கவனக்குறைவுக்குச் சாக்காகிவிடக் கூடாது.

செலவைக் குறைக்க வேண்டும் என்றவுடன் அதிகாரிகளின் மேசையில் முதலில் விரிக்கப்படுவது, குறைந்த மாணவர் உள்ள பள்ளிகளின் பட்டியல். ராஜஸ்தான் 2014இல் சுமார் 17,000 பள்ளிகளை இணைத்தது. உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் 50 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளை அருகில் உள்ளவற்றோடு இணைக்க உத்தரவிட்டது. வழக்குகளும் எதிர்ப்பும் கிளம்பியபின், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள பள்ளியோடு இணைக்க மாட்டோம் என்று இறங்கி வந்தது. அமெரிக்காவின் சிகாகோ 2013இல் ஒரே மூச்சில் ஏறத்தாழ 50 பள்ளிகளை மூடியது. அந்தக் கட்டடங்களில் பல ஆண்டுக்கணக்கில் வாங்க ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தன. இடம் மாற்றப்பட்ட குழந்தைகளின் படிப்பு பின்தங்கியதைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் பதிவு செய்தார்கள். நம் ஊர்க் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 15 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் உள்ள ஒரு பள்ளியை மூடுகிறோம். ஆசிரியர்கள் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார்கள், சம்பளம் தொடரும். சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் அப்படியே. உடனடி மிச்சம் 10,000 ரூபாய் மானியமும் கொஞ்சம் மின் கட்டணமும். தூரமாகிப்போன பள்ளிக்குக் குழந்தைகளை அழைத்துப்போக ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டமே ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை அனுமதிக்கிறது. 15 பேருக்கு 90,000. பத்தாயிரத்தை மிச்சம் பிடிக்கத் தொண்ணூறாயிரம்.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்று ஆசிரியர்கள் மாற்றப்படுவார்கள், நாளை அவர்கள் ஓய்வு பெறும்போது அந்த இரண்டு பணியிடங்களும் சரண் செய்யப்படும். அப்போது வரும் மிச்சம் ஆண்டுக்கு 14 லட்சம் ரூபாய்க்கு மேல். 15 குழந்தைகளுக்கு என்றால் தலைக்கு 96,000 ரூபாய் செலவழிக்கிறோம், பெரிய தனியார் பள்ளியின் கட்டணமே அவ்வளவுதான் என்பார்கள். கணக்கு சரி. ஆனால் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி நாடு முழுவதும் ஒரே ஓர் ஆசிரியரோடு நடக்கும் பள்ளிகள் 1,04,125. ஒரு பக்கம் உபரி என்று சொல்லப்படுகிறவரின் பணியிடத்துக்கு இன்னொரு பக்கம் தேவை வாய்பிளந்து நிற்கிறது. பணியிடத்தை ஒழித்தால் வரும் பணம் மிச்சமாகாது. வேறொரு பள்ளிக்குச் சேர வேண்டியதைச் சேரவிடாமல் தடுத்ததாகவே அதைக் கொள்ள வேண்டும். இன்னொன்று, தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் கல்வி உரிமைச் சட்ட விதி. ஐந்து வயதுக் குழந்தை நான்குவழிச் சாலையைக் கடந்து போக வேண்டியிருந்தால், வரைபடத்தில் 800 மீட்டர் என்று காட்டுவதற்கு அர்த்தமில்லை. ஒருவருமே சேராத பள்ளியையோ, ஒரே தெருவில் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் இரண்டு பள்ளிகளையோ இணைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்த்து முடிவெடுங்கள். மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கத்தரிக்கோல் போடாதீர்கள்.

குழந்தைகள் ஏன் குறைந்தார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. பிறப்பு குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணத்துக்கு அரசே பணம் கொடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களில் சேரும் குழந்தைகளுக்கான கட்டணத்தை அரசு ஈடுசெய்கிறது. பக்கத்தில் அரசுப் பள்ளி இருக்கும்போதே அதிலிருந்து குழந்தையைக் கிளப்பி, கட்டணமும் கட்டி, பிறகு உன்னிடம் பிள்ளைகள் இல்லையே என்று அதே அரசுப் பள்ளியைப் பார்த்துக் கேட்பது விசித்திரம். கர்நாடகம் விதியைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இல்லாத இடங்களில் மட்டும் இதைப் பொருத்தியது. அதையே செய்யப் போன மகாராஷ்டிரத்தின் திருத்தத்தை 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே இது ஆணை போட்டு முடிக்கும் விஷயம் இல்லை. நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருக்கும். ஏற்கெனவே சேர்ந்த குழந்தைகளை நடுவில் இறக்கிவிடவும் கூடாது. ஏழைப் பெற்றோரின் விருப்பத்தில் கைவைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு: ஒரு குழந்தை வெளியேற அரசு செலவிடும் பணம், உள்ளே இருக்கும் முப்பது குழந்தைகளின் பள்ளிக்குக் கிடைத்தால் விருப்பமே மாறக்கூடும்.

பணமில்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பள்ளியைச் சுருக்கிப் பார்த்த அனுபவம் இந்த மாநிலத்துக்குப் புதிதில்லை. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், குலக்கல்வி என்ற பெயரில்தான் நினைவில் நிற்கிறது. அதில் ஒரு சிக்கனக் கணக்கும் இருந்தது: ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளி, அதே கட்டடம், அதே ஆசிரியர், இரண்டு ஷிப்ட். 1954இல் முதல்வரான காமராஜர் அதைக் கைவிட்டார். அதன்பின் கஜானா திடீரென்று நிறைந்துவிடவில்லை. சிற்றூர்களில் சின்னச் சின்னப் பள்ளிகள் திறந்தார்கள். 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர்க்காரர்களிடமிருந்தே பெஞ்சும் மேசையும் நிலமும் பெற்றார். இன்று மூடுவதற்குப் பட்டியலிடப்படும் ‘சிறு பள்ளிகள்’ பல அந்தக் காலத்தில் முளைத்தவை.

இனி, மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு ஆசிரியரைக் கற்பித்தல் அல்லாத வேலைக்கு அனுப்பத் தடை விதிக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை மட்டும் விலக்கு. வாக்காளர் பட்டியல் திருத்தம் போன்றவற்றுக்கு விடுமுறை நாளிலும் பாடம் இல்லாத நாளிலும்தான் ஆசிரியரைப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனால் நடப்பது வேறு. 2025 நவம்பர் 4இல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, 6.4 கோடி வாக்காளர்களுக்குப் படிவம் கொடுத்துத் திரும்ப வாங்க 68,000க்கும் மேற்பட்ட வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள் இறக்கப்பட்டார்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும். பள்ளி நடக்கும் நாள்களில், அரையாண்டுத் தேர்வை நோக்கிப் பாடம் ஓட வேண்டிய நேரத்தில், அவர்கள் தெருத்தெருவாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாக்குச்சாவடி அலுவலரின் ஆண்டு மதிப்பூதியத்தை 6,000இலிருந்து 12,000 ரூபாயாகத் தேர்தல் ஆணையம் அதே ஆண்டு உயர்த்தியது. நல்லதுதான். ஆனால் ஓர் ஆசிரியர் அந்த ஒரு மாதத்தில் 20 வேலை நாள்களைப் படிவங்களோடு கழித்திருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் கணக்கில் விழுந்தது 65,000 ரூபாய். ஆணையம் கொடுத்தது பன்னிரண்டாயிரம். மீதியைக் கொடுத்தது மூன்றாம் வகுப்பு.

தேர்தல் ஆணையத்தை மட்டும் குறை சொல்வது சரியில்லை. கல்வித் துறையே தன் ஆசிரியர்களின் நேரத்தைத் தின்னும் முதல் ஆள். தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் வேறு சில மாநிலங்களில் நடத்தி 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆசிரியரின் ஆண்டுப் பள்ளி நேரத்தில் நேரடிக் கற்பித்தலுக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கே என்றது. மற்றத் துறைகளின் வேலை அதில் சிறிய பங்கு. பள்ளி சார்ந்த வேலைகளே பெரும் பங்கு. நம் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் ஒரு நாளைப் பார்த்தால் இது புரியும். காலையில் செயலியில் மாணவர் வருகை, ஆசிரியர் வருகை. காலை உணவு சாப்பிட்டவர் எண்ணிக்கை, மதியச் சத்துணவு எண்ணிக்கை. சீருடைக்கு அளவு, காலணிக்கு அளவு. ஆதார் திருத்தம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு, சாதிச் சான்று. நோட்டுப் புத்தகம் வந்துவிட்டது, ஆள் அனுப்புங்கள் என்று வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன்; அனுப்ப ஆள் ஏது, அவரே போக வேண்டும். பள்ளித் தகவல்களைப் பதிவேற்றும் எமிஸ் தளம் திறக்கவில்லை என்று சிக்னல் தேடி வராந்தாவில் நிற்பதற்கு ஒரு பீரியட். மேல்வகுப்புப் பள்ளிகளிலாவது கணினி ஆய்வகப் பணியாளர்கள் வந்தபின் பதிவேற்றச் சுமை ஓரளவு இறங்கியது. தொடக்கப் பள்ளியில் எழுத்தர் என்ற பணியிடமே கிடையாது. எழுத்தர் வேலை மட்டும் அத்தனையும் உண்டு.

பத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஓர் எழுத்தரைக் குறுவள மையத்தில் நியமித்தால் என்ன ஆகும்? மாதம் 25,000 ரூபாய் என்று கௌரவமான சம்பளமே கொடுப்போம். பன்னிரண்டாயிரத்துக்கு ஆள்பிடிக்கும் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டாம். ஆண்டுக்கு 3 லட்சம். ஒரு பள்ளியின் தலையில் 30,000. ஈராசிரியர் பள்ளியில் ஆண்டுக்கு மொத்தம் 440 ஆசிரியர் நாள்கள். அவற்றில் பத்து நாளை அந்த எழுத்தர் மீட்டுக்கொடுத்தாலே போட்ட பணம் வந்துவிடும். பத்து நாள்தானா மிஞ்சும்? எந்தத் தலைமையாசிரியரையும் கேட்டுப் பாருங்கள். படிவம் சேகரிக்கும் வேலைக்கும் இதே கணக்குப் பொருந்தும். அதே ஊரில் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞருக்கு நாளுக்கு 1,000 ரூபாய் கொடுத்தால், 3,270 ரூபாய் ஆசிரியரை அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. அந்த வீட்டுக்கும் வருமானம். வகுப்பறைக்கென்று வாங்கும் கருவிகளையும் இந்தத் தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளுக்கு 455 கோடி ரூபாய் செலவு என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம். சிறு பள்ளியின் இருபது ஆண்டு மானியம். திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திரைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் ஓ.டி.யில் போயிருந்தால் அது சுவரில் தொங்கும் கறுப்புக் கண்ணாடி. அடுத்த டெண்டருக்கு முன் இந்த வரிசையை நேராக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. ஒரு கணக்கு விதி போதும். ஆசிரியரைக் கடன் வாங்கும் எந்த அலுவலகமும், வாங்கும் ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் அவருடைய ஒரு நாள் சம்பளத்தைப் பள்ளிக் கல்வித் துறைக்குக் கட்ட வேண்டும். அந்தப் பணம் அதே பள்ளியின் மேலாண்மைக் குழுக் கணக்கில் சேர வேண்டும். அரசுப் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போவதுதானே என்று நிதித் துறையில் சிரிப்பார்கள். பை ஒன்றல்ல. வாக்காளர் பட்டியல் தயாரிக்கும் செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முழுக்க ஒன்றிய அரசின் பொறுப்பு. 2027 கணக்கெடுப்புக்கும் ஆசிரியர்களைத்தான் வீடு வீடாக அனுப்பப் போகிறார்கள். ஆக, இதுவரை மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் ஓசையில்லாமல் சுமந்த செலவில் ஒரு பகுதி, சேர வேண்டியவர்களின் தலையில் சேரும். மாநிலத்துக்குள்ளேயே சுற்றும் பணத்துக்கும் பயன் உண்டு. இலவசமாகக் கிடைக்கும்வரை எந்தத் துறையும் ஆசிரியரைக் கேட்கத் தயங்காது. நாளுக்கு 3,270 ரூபாய் என்று பில் வந்தால், வேறு ஆள் கிடைப்பாரா என்று யோசிக்கத் தொடங்கும்.

தேர்தல் ஜனநாயகக் கடமை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் நம்பும் ஆள் ஆசிரியர்தானே என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். வாக்குப்பதிவு அன்று சாவடியில் அவர் உட்காரட்டும்; அன்று பள்ளிக்கும் விடுமுறை. பட்டியல் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் அலைவது வேறு. இன்னொரு வாதம் கொஞ்சம் கூர்மையானது: ஆசிரியர் வகுப்பில் இருந்தால் மட்டும் படிப்பு வந்துவிடுகிறதா? குழந்தைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வில், 2022இல் ஊரகத் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம். பெருந்தொற்றுக்காலத்தில் பள்ளி பூட்டிக்கிடந்ததன் விளைவு அது. ஆசிரியர் எதிரில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பரிசோதனையை யாரும் நடத்த முடியாது. 2024இல் எடுத்த அடுத்த ஆய்வில் அந்த எண் ஏறத்தான் செய்தது. வகுப்பில் இருந்தும் சொல்லிக்கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். இல்லையென்று எந்தச் சங்கமும் சாதிக்க முடியாது. ஆனால் பாதி நாள் வெளியே அனுப்பிவைக்கும் துறைக்கு, ஏன் பாடம் முடிக்கவில்லை என்று அவரிடம் கேட்கும் தகுதி எங்கிருந்து வரும்? நாளை முழுதாகக் கொடுத்துவிட்டுக் கேள்வியையும் முழுதாகக் கேட்கலாம். ஆசிரியருக்கும் அப்போது சாக்கு இருக்காது.

மேலே சொன்ன கணக்கு விதிக்கான புள்ளிவிவரம் திரட்டக் குழு ஒன்றும் அமைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் வருகையைப் பதியும் செயலியில் ஓ.டி. என்ற தெரிவு ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘எந்த அலுவலகத்துக்காக’ என்று ஒரு கட்டத்தைச் சேர்ப்பது, மென்பொருள் எழுதுகிறவருக்கு அரைநாள் வேலை. மாதக் கடைசியில் அலுவலக வாரியாகக் கூட்டி, ஒரு நாள் சம்பளத்தால் பெருக்கினால் பில் தயார்.